எந்த அஞ்சு பாடம்?

(மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்)



ஆண்டு மலர் என்றால் நட்பைப் பற்றி நாலு கட்டுரை, அம்மாவைப் பற்றி ஏழு கவிதை, கேன்டீன் டீயைப் பற்றி ஒரு நகைச்சுவைத் துணுக்கு என்பது எழுதப்படாத சட்டம். மலர்க் குழுவில் இருக்கும் நண்பன் "ஏதாச்சும் உருப்படியா எழுதிக் குடு மச்சி" என்று கேட்டான். கடந்த ஒரு வருடமாக என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிற விஷயத்தையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். விஷயம் இதுதான்: பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுபோன ஒருவர், வேலைக்குப் போய்க்கொண்டே பத்தாம் வகுப்பு முடிக்க வேண்டும் என்றால் எங்கே சேர வேண்டும்? எந்தப் பாடங்களை எடுக்க வேண்டும்?

"நாமெல்லாம் பத்தாவது முடிச்சுட்டுத்தானே இங்க வந்திருக்கோம், நமக்கெதுக்குடா இது?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம்மில் பாதிப் பேருக்கு வீட்டிலும் ஊரிலும் நாம்தான் "படிச்ச பையன்", "படிச்ச புள்ள". பேங்க் பாரம் நிரப்பவும், ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கவும், யாரோ கொடுத்துவிட்டுப் போன நோட்டீசைப் படித்துச் சொல்லவும் நம்மிடம்தான் வருகிறார்கள். நாம் "சரிங்க, சேரலாம்" என்று சொல்லிவிட்டால் அதுவே அவர்களுக்குத் தீர்ப்பு. ஆகவே தெரிந்துகொண்டு சொல்ல வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

நோட்டீஸ் வந்தது

ஆனைமலை ரோட்டில் உள்ள ஒரு நார் மில்லில் என் சித்தி மகள் வேலை செய்கிறாள். வயது 19. சித்தப்பா தென்னை ஏறுகிறவர். மரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனதிலிருந்து அவரால் வேலைக்குப் போக முடியவில்லை. ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த தங்கச்சி பாதியில் நின்று மில்லுக்குப் போனாள். முதலில் நார் காயவைக்கிற களத்தில் வேலை. இப்போது தேங்காய் மட்டைத் தூளைக் கட்டியாக அழுத்தும் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் நிற்கிறாள். பிரஸ் நின்றுவிட்டால் மெக்கானிக் வருவதற்குள் எந்த வால்வில் கோளாறு என்று இவளே கண்டுபிடித்துச் சொல்லிவிடுவாளாம். மில்லில் எல்லோரும் சொல்வார்கள்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி ஒரு வழவழப்பான நோட்டீசை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கோவையில் இருந்து நடத்தப்படும் ஒரு ஆன்லைன் தனியார் பள்ளியாம். "அங்கீகாரம் பெற்றது. 45 நாட்களில் பத்தாம் வகுப்பு. வீட்டிலிருந்தே தேர்வு. முப்பதுக்கும் மேற்பட்ட பாடங்கள், உங்கள் விருப்பம்!" என்று போட்டிருந்தது. கடைசி வரியில் "அமெரிக்கன் ஹைஸ்கூல் டிப்ளமோவும் பெறலாம்." கட்டணம் 28,000 ரூபாய்.

"ஏஞ்சாமி, நீ மூணு வருசம் படிக்கிற டிப்ளமோவ இவங்க ஒன்ற மாசத்துல குடுக்கறாங்களாமா? சீட்டுப் பணம் வந்திருக்குது, கட்டிரலாமுங்களா?" என்று சித்தி கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. தங்கச்சிக்கு ஒரு நாள் கூலி 400 ரூபாய். 28,000 என்பது அவள் எழுபது நாள் தூள் பறக்க நின்ற கூலி!

முதலில் அந்த டிப்ளமோ குழப்பத்தைத் தீர்த்தேன். அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடித்ததற்குக் கொடுக்கும் சான்றிதழுக்கே டிப்ளமோ என்றுதான் பெயர். நம் பாலிடெக்னிக் டிப்ளமோவுக்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான் உண்டு. அங்கே ஆன்லைன் பள்ளிகள் நிஜமாகவே இருக்கின்றன. கட்டாயப் பாடம் இத்தனை, விருப்பப் பாடம் இத்தனை என்று மாணவன் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் கிரெடிட் சேர்த்து முடிக்கிற முறை அது. ஆனால் அங்கே பள்ளிக்கு அங்கீகாரம் கொடுப்பவை பெரும்பாலும் தனியார் மதிப்பீட்டு அமைப்புகள். அந்தச் சான்றிதழை இங்கே கொண்டுவந்தால் நம் நாட்டுப் படிப்புக்குச் சமம்தானா என்று தனியாக ஒரு கேள்வி வரும். கடல் தாண்டியும் செல்லுபடியாகும் என்று நோட்டீசில் போட்டுவிட்டால் மட்டும் செல்லுபடியாகிவிடாது.

மூன்று கேள்வி

அன்று சாயங்காலமே நோட்டீசில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். மூன்றே கேள்விதான் கேட்டேன்.

"சார், மார்க் சீட்டுல எந்த போர்டு பேரு வரும்?"

"தம்பி, நாங்க இன்டர்நேஷனல் லெவல்ல அங்கீகாரம் வாங்கினவங்க."

"யாரு குடுத்த அங்கீகாரங்க சார்?"

"ஐ.எஸ்.ஓ. 9001 தம்பி. சர்டிபிகேட் வாட்ஸ்அப்ல அனுப்பறேன்."

"பரீட்சை எந்த சென்டர்லங்க சார்?"

"அதெல்லாம் பணம் கட்டினதுக்கப்புறம் சொல்லுவோம்." போன் கட்!

நண்பர்களே, ஐ.எஸ்.ஓ. 9001 என்பது என்னவென்று நமக்குத் தெரியாதா? ஒரு நிறுவனம் தன் வேலையை ஒழுங்குமுறையோடு, பதிவேடுகளோடு நடத்துகிறதா என்று பார்க்கிற தர மேலாண்மைச் சான்று அது. போல்ட் தயாரிக்கிற கம்பெனியும் வாங்கலாம், பிஸ்கட் கம்பெனியும் வாங்கலாம். அந்தப் பள்ளி கொடுக்கும் பத்தாம் வகுப்பை வைத்துக்கொண்டு பாலிடெக்னிக்கில் சேர முடியுமா என்பதைப் பற்றி அது ஒரு வார்த்தைகூடச் சொல்லாது.

எனக்குப் புரிந்த பாடம் இது: "அங்கீகாரம்" என்ற வார்த்தை தனியாக நின்றால் அதற்கு அர்த்தமே இல்லை. யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது என்ற இரண்டையும் சேர்த்தால்தான் அது முழு வார்த்தை.

இது நம் கதையும்கூட

இந்த விஷயத்தில் பள்ளியை நிறுத்தியவர்கள் மட்டும் அடிபடவில்லை. டிப்ளமோ படித்தவர்களே பலமாக அடிபட்டிருக்கிறார்கள். 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் முறையான அனுமதி இல்லாமல் தொலைதூர வழியில் பொறியியல் பட்டம் கொடுத்திருந்தன. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்களின் பட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. ஏ.ஐ.சி.டி.இ. நடத்தும் தேர்வில் தேறினால்தான் திரும்பக் கிடைக்கும் என்றார்கள். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டம் செல்லாது என்றே ஆகிவிட்டது. வேலையில் இருந்துகொண்டு, பதவி உயர்வுக்காக ராத்திரி கண்விழித்துப் படித்தவர்களும் அதில் உண்டு. அவர்கள் படித்த உழைப்பு உண்மை. ஆனால் கையில் இருந்த காகிதம் நிற்கவில்லை.

ஏ.எம்.ஐ.இ. கதையும் நமக்குத் தெரிய வேண்டும். கல்லூரிக்குப் போகாமலே தேர்வெழுதி பி.இ.க்குச் சமமான தகுதி பெறலாம் என்று நம் சீனியர்களுக்குச் சீனியர்கள் காலத்தில் டிப்ளமோக்காரர்களுக்கு அது ஒரு ராஜபாட்டை. 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களுக்குத்தான் மத்திய அரசு வேலைக்கு அந்தச் சமத் தகுதி செல்லும் என்று பிறகு வரையறுத்துவிட்டார்கள். பாதை நல்ல பாதைதான். ஆனால் எந்தத் தேதி வரை திறந்திருந்தது என்பதும் முக்கியம் அல்லவா?

ஆக, "ஆன்லைன் என்றாலே ஏமாற்று" என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டிலிருந்தே படிப்பது புதுசும் அல்ல, கேவலமும் அல்ல.

சுரங்கத்தில் பிறந்த படிப்பு

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்க்ரான்டன் என்று ஒரு நிலக்கரி ஊர். சுரங்கத்தில் மேற்பார்வையாளர் ஆக வேண்டுமானால் பாதுகாப்புத் தேர்வில் தேற வேண்டும் என்று சட்டம் வந்தது. பகல் முழுக்கக் கரி வெட்டுகிறவன் எந்தப் பள்ளிக்குப் போவான்? தாமஸ் ஃபாஸ்டர் என்ற பத்திரிகைக்காரர் 1891-இல் தபால் மூலம் சுரங்கப் பாடம் நடத்தத் தொடங்கினார். சின்னச் சின்னப் பாடப் புத்தகங்கள் தபாலில் வரும். படித்து விடை எழுதி அனுப்ப வேண்டும். பின்னால் அது பெரிய தபால் கல்லூரியாக வளர்ந்து, மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் என்று தொழிலாளர்களுக்கு எத்தனையோ பாடங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. நம்மைப் போன்ற தொழிற்படிப்புக்காரர்கள் பெருமைப்பட வேண்டிய வரலாறு!

ஆஸ்திரேலியாவில் பக்கத்து வீடே பல மைல் தள்ளி இருக்கும் பண்ணைகளில் வளர்ந்த பிள்ளைகளுக்காக 1951-இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வானொலிப் பள்ளி தொடங்கினார்கள். டீச்சர் ஒரு ஊரில், பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பண்ணையில். நம் ஊரில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இலும் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கின. அஞ்சல் வழியில் பட்டம் வாங்கிய ஒரு வாத்தியாரோ, குமாஸ்தாவோ இல்லாத சொந்தக்கார வட்டம் கொங்கு நாட்டில் இருக்கிறதா, சொல்லுங்கள்?

பள்ளிப் படிப்புக்கு மத்திய அரசின் வழி ஒன்று இருக்கிறது. 1979-இல் சி.பி.எஸ்.இ. ஒரு திறந்தநிலைப் பள்ளித் திட்டத்தைத் தொடங்கியது. அது 1989-இல் தேசிய திறந்தநிலைப் பள்ளி என்று தனி நிறுவனம் ஆனது. 2002-இல் தேசிய திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம், அதாவது என்.ஐ.ஓ.எஸ்., என்று பெயர் மாறியது. தலைமையகம் நொய்டாவில், மண்டல மையம் ஒன்று சென்னையில். 2021 ஆகஸ்டில் மெய்நிகர் பள்ளியும் தொடங்கினார்கள். மறு வருடம் ஆகஸ்ட் 31 அன்று டில்லி அரசு "நாட்டின் முதல் மெய்நிகர் பள்ளி எங்களுடையது" என்று அறிவித்தபோது, "நாங்கள் போன வருடமே தொடங்கிவிட்டோம்" என்று என்.ஐ.ஓ.எஸ். மறுத்தது வேடிக்கையான செய்தி.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. என்.ஐ.ஓ.எஸ். மாணவர்களுக்குச் சந்தேகம் தீர்க்க, வகுப்பு நடத்த, ஊர் ஊராகச் சில பள்ளிகளை அங்கீகரித்துப் படிப்பு மையங்களாக வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட மையம் "நாங்கள் அங்கீகாரம் பெற்றவர்கள்" என்று சொன்னால் அது உண்மைதான். ஆனால் அது போர்டு அல்ல. பரீட்சை வைப்பதும் மார்க் சீட்டில் கையெழுத்துப் போடுவதும் என்.ஐ.ஓ.எஸ். மட்டுமே. மையத்தின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். ஏஜென்ட் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொரு வழியும் நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. தமிழ்நாடு அரசின் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று அஞ்சும் அங்கே முடிவான அஞ்சு. தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லை. ஷிப்ட்டு மாறி மாறி வருவதால், இரண்டு இரண்டு பாடமாகப் பிரித்து எழுதும் வசதியும் படிப்பு மையமும் வேண்டும் என்று தங்கச்சி என்.ஐ.ஓ.எஸ்.ஸையே விரும்பினாள்.

சண்டை ஆரம்பித்தது

சேருமிடம் முடிவானது. உண்மையான சண்டை அதற்குப் பிறகுதான்! என்.ஐ.ஓ.எஸ். பத்தாம் வகுப்பில் அஞ்சு பாடம் தேற வேண்டும். அதில் குறைந்தது ஒரு மொழி, அதிகபட்சம் இரண்டு மொழி. மீதி நம் விருப்பம். கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், பொருளியல், வணிகவியல், கணக்குப் பதிவியல், மனையியல், உளவியல், ஓவியம், டேட்டா என்ட்ரி, கர்நாடக சங்கீதம் என்று பட்டியல் நீள்கிறது. இலை நிறையப் பரிமாறிவிட்டு "எது வேணுமோ சாப்பிடுங்க" என்பது போல!

சித்தி உடனே முடிவு செய்துவிட்டார். "தமிழ், மனையியல், ஓவியம், வணிகவியல், டேட்டா என்ட்ரி. சுலுவா பாஸ் ஆயிரலாம். கணக்கெல்லாம் எதுக்குங் கண்ணு? பொட்டப்புள்ள எட்டாவதுலயே கணக்குல முட்டிக்கிட்டு நின்னவ."

தங்கச்சியும் தலையாட்டினாள். "ஆமாங்ணா, எனக்கு அல்ஜீப்ரான்னாலே கை நடுங்குதுங்ணா."

அந்த அஞ்சு பாடமும் செல்லுபடியாகிற பாடங்கள்தான். மனையியலோ ஓவியமோ மட்டம் என்று நான் சொல்லவில்லை. அவள் துணிக்கடை வைக்கப் போகிறேன் என்றிருந்தால் நானே வணிகவியலைத்தான் முதலில் டிக் அடித்திருப்பேன். ஆனால் அவள் என்னிடம் ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி வேறு. "ணா, நீங்க படிக்கற மெக்கானிக்கல் நானும் படிக்க முடியுமுங்களா?"

நம் பொள்ளாச்சி ஜங்ஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். போத்தனூருக்கு ஒரு தடம், பாலக்காட்டுக்கு ஒரு தடம், பழனி வழியாகத் திண்டுக்கல்லுக்கு ஒரு தடம். எல்லாம் நல்ல தடம்தான். ஆனால் பழனிக்குப் போக வேண்டியவன் கூட்டம் இல்லையே, உட்கார இடம் கிடைக்குதே என்று பாலக்காட்டு வண்டியில் ஏறினால் முருகனைப் பார்க்க முடியுமா? பாடத்தை எது சுலபம் என்று பார்த்து எடுக்கக் கூடாது. எங்கே இறங்கப் போகிறோம் என்று பார்த்து எடுக்க வேண்டும்.

கணக்கை விட்டால் என்ன ஆகும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். பாலிடெக்னிக் முதல் வருடத்திலேயே கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றும் வரும். நம்மில் எத்தனை பேர் எம்-ஒன், எம்-டூவில் அரியர் வைத்துக்கொண்டு அல்லாடுகிறோம்! அடிப்படையே இல்லாமல் வந்தால் முதல் செமஸ்டரே சமாதி. இன்னொன்றும் சொன்னேன். சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டப் படிப்பில் வயது வரம்பு இல்லை, ஜே.இ.இ. தேவையில்லை. ஆனால் பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். பன்னிரண்டாவதில் இல்லை, பத்தாவதில்! பத்தொன்பது வயதில் சுலபம் என்று விடுகிற பாடம் முப்பது வயதில் வந்து கதவைச் சாத்தும்.

அப்போதுதான் தங்கச்சி ஒரு கேள்வி கேட்டாள். "சரிங்ணா, கணக்க எடுத்து பாஸே ஆகாமப் போயிட்டா? கணக்கும் இல்லாம, பத்தாவதும் இல்லாம நிக்கறதுங்களா? நீங்க சொல்லிட்டுப் போயிருவீங்க, மில்லுல நிக்கறது நானுங்க."

நியாயமான கேள்வி. யாரும் வாய் திறக்கவில்லை. கதவைப் பற்றிப் பெரிதாகப் பேசுகிறவன், கதவு வரைக்கும் நடக்கிறவளின் காலையும் பார்க்க வேண்டுமே.

இதற்கு விடை என்.ஐ.ஓ.எஸ். விதியிலேயே இருந்தது. பதிவு அஞ்சு வருடம் செல்லும். ஒன்பது தடவை தேர்வு எழுதலாம். ஏப்ரல், அக்டோபர் என்று வருடத்துக்கு இரண்டு பருவம். தேறிய பாடம் தேறியதுதான், மறுபடி எழுத வேண்டியதில்லை. தேர்ச்சிக்கு நூற்றுக்கு 33. அதோடு அஞ்சுக்கு மேல் இரண்டு பாடம் வரை கூடுதலாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

வண்டிக்கு நாலு சக்கரம் இருந்தாலும் ஸ்டெப்னி ஒன்று வைக்கிறோமே, அதேதான்! தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், டேட்டா என்ட்ரி என்று அஞ்சு. ஸ்டெப்னியாக மனையியல். கணக்கு கைகொடுக்காமல் போனாலும் மற்ற அஞ்சை வைத்துப் பத்தாவது முடிந்துவிடும். கணக்கு வந்துவிட்டால் எல்லாத் தடமும் திறந்துவிடும். சித்திக்கு இந்த ஸ்டெப்னிக் கணக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "மனையியல நான் சொன்னதுதானுங்க" என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறார்.

பிரஸ்ஸும் பையும்

கட்டணம் அந்த 28,000-க்குப் பக்கத்தில்கூட வரவில்லை. பெண்களுக்குச் சலுகையும் உண்டு. சீட்டுப் பணத்தில் மிச்சம் சித்தப்பாவின் மருந்துக்குப் போனது.

கணக்குப் பயம் மட்டும் போகவில்லை. ஒரு நாள் அவளிடம் கேட்டேன்: "உங்க பிரஸ்ல கேஜ் முள்ளு எவ்வளவு வரைக்கும் போகும் அம்மணி?"

"நூத்தம்பதுங்ணா. அதுக்கு மேல விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"அந்த ராம் எவ்வளவு தடி?"

கையை விரித்துக் காட்டினாள். ஒரு சாண் அளவு, 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டோம். ஆரம் 10. பத்தைப் பத்தால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கினால் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 150 கிலோ. 314-ஐ 150-ஆல் பெருக்கச் சொன்னேன். பென்சிலைப் பிடித்து மெதுவாகப் பெருக்கினாள். 47,100 கிலோ. அதாவது நாற்பத்தேழு டன்!

"நாப்பத்தேழு டன்னா... நாலு லாரி லோடுங்களா? இத்தன நாளா அதும் பக்கத்துலயா நின்னுட்டிருந்தேன்?" என்று கண்ணை விரித்தாள். பிறகு அவளே கேட்டாள்: "அப்ப ராம் தடிய ரெண்டு மடங்கு பண்ணுனா டன்னும் ரெண்டு மடங்காகுமுங்களா?" ஆகாது, நாலு மடங்காகும் என்று நான் சொல்லவில்லை. போட்டுப் பார் என்றேன். போட்டுப் பார்த்தாள். நாலு மடங்கு வந்ததும் தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று மறுபடியும் போட்டாள். நம் ஹைட்ராலிக்ஸ் லேபில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை ஒன்பதாவதோடு நின்றவள் கேட்டுவிட்டாள்.

மேலே போகிற தடங்கள்

பத்தாவது முடித்தபின் அவளுக்கு இருக்கும் வழிகளையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கும் உதவும். பத்தாவதோடு நேராகப் பாலிடெக்னிக் முதல் வருடம் சேரலாம். இல்லையென்றால் ஐ.டி.ஐ. இரண்டு வருடம் படித்துவிட்டு நேரடி இரண்டாம் வருடம் வரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ. நேரடி இரண்டாம் வருடம். வேலையை விட முடியாதவர்களுக்குக் கோவை ஜி.சி.டி., சி.ஐ.டி. போன்ற கல்லூரிகளில் பகுதிநேர பி.இ. என்ற வழியும் இருந்துவருகிறது.

நமக்கும் ஒரு வார்த்தை. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்ஸி.யும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்களும், 2017-இல் மத்திய அரசு தொடங்கிய ஸ்வயம் தளமும் நம் கைப்பேசியிலேயே இருக்கின்றன. பாடம் பார்க்கக் காசு இல்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வுக்குக் கட்டணம் கட்டி, மையத்துக்குப் போய் உட்கார்ந்து எழுத வேண்டும். அங்கேயும் நூற்றுக்கணக்கான பாடங்கள். "பிரெண்டு எடுத்தான், நானும் எடுத்தேன்" என்று எடுக்காதீர்கள். இறங்குமிடம் தெரிந்து எடுங்கள்.

நோட்டீசோடு யாராவது வந்தால் முதலில் கேளுங்கள்: மார்க் சீட்டில் யார் பெயர்? பரீட்சை எங்கே, யார் வைக்கிறார்கள்? அடுத்து நாம் சேரப் போகிற இடம் அந்தப் பெயரை ஏற்குமா? மூன்றாவதை நோட்டீஸ் கொடுத்தவரிடம் கேட்காதீர்கள். சேரப் போகிற கல்லூரியிலோ அலுவலகத்திலோ கேளுங்கள். விதிகள் மாறும். சேருகிற வருடத்து விளக்கக் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்துவிடுங்கள். இந்த மூன்றும் தெளிவான பிறகுதான் பாடப் பட்டியலைத் திறக்க வேண்டும்.

நம் மாணவர் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். விளையாட்டு விழாவுக்கும் கலை விழாவுக்கும் கமிட்டி போடுகிறோம். மே, ஜூன் மாதங்களில் ஞாயிறுதோறும் ஒரு மேஜை போட்டு, படிப்பை நிறுத்தியவர்களுக்கு விண்ணப்பம் பார்த்துக் கொடுத்தால் என்ன? செவ்வாய், வியாழன் சந்தைக்கு வருகிறவர்கள் காதில் போட்டால் ஆனைமலை, நெகமம், கிணத்துக்கடவு வரை செய்தி போய்விடும். நாம் படித்த படிப்புக்கு ஒரு சின்ன வட்டி கட்டியது மாதிரி இருக்கும்.

தங்கச்சி அக்டோபர் பருவத்தில் தமிழும் டேட்டா என்ட்ரியும் எழுதித் தேறிவிட்டாள். தமிழில் 71. ஏப்ரலுக்குக் கணக்கும் அறிவியலும் கட்டியிருக்கிறாள். மில்லில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் கிடைக்கிறதாம். சாப்பாட்டுப் பைக்குள் கணக்குப் புத்தகம் இருக்கிறது. அட்டையெல்லாம் தேங்காய்த் தூள்.